பிள்ளைகள் கடைச் சவர்க்காரம்: மூன்று மாதம் புழங்கியபின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவர்க்காரம் நன்றாக இருக்கிறது, தரை துடைக்கும் பழத்தோல் என்சைம் சுமார்தான், பை அருமை. அவசரக்காரர்கள் இதோடு போகலாம், மற்றவர்கள் உட்காருங்கள், எனக்குக் கொஞ்சம் பேச்சு அதிகம்.

கடை இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில். 2007-இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றியாயிற்று, ஆனால் எங்கள் அம்மா காலத்து ஆள்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், நாலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை ஒரு பத்துப் பன்னிரண்டு பேர், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கோயில் மண்டபத் தாழ்வாரத்தில் இரண்டு மேசை போட்டு உட்காருகிறார்கள். எட்டு மணிக்குத் திறந்தால் பதினொன்றுக்குள் கட்டிவிடுவார்கள். பழைய சமையல் எண்ணெயில் செய்த சவர்க்காரம் ஒரு கட்டி 3 வெள்ளி (ரிங்கிட்), பழத்தோல் என்சைம் பெரிய போத்தல் 5 வெள்ளி, பைகள் 6 வெள்ளியிலிருந்து 8 வெள்ளி வரை, அப்புறம் வெட்டிய போத்தலில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று. பழைய எண்ணெயை நாம் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், மூன்று லிட்டருக்கு ஒரு சவர்க்காரம் இலவசம்.

நான் போனதே அந்த எண்ணெய்க்காகத்தான். வாரத்தில் மூன்று நாள் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வடை, பஜ்ஜி போடுகிறேன், ஆறேழு லிட்டர் கறுத்த எண்ணெய் மிஞ்சும். அதை வாங்கி பயோடீசலுக்கு விற்கும் லோரிக்காரர்கள் பெரிய சாப்பாட்டுக் கடைகளுக்குத்தான் வருவார்கள், என்னைப் போன்ற ஆளுக்காக லோரியைத் திருப்பமாட்டார்கள். ஆகவே இத்தனை வருஷமாகப் பின்பக்கக் கால்வாயில்தான் ஊற்றிவந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, இந்த வரிசையில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறோம். அது கால்வாய்ச் சுவரில் மெழுகு மாதிரி படிந்து, எலி வந்து, மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் வாசலுக்கு ஏறும். மிச்சம் ஆற்றுக்குப் போகும். சிலாங்கூர் ஆறு நமக்குச் சும்மா பக்கத்தில் ஓடும் ஆறு இல்லை, கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிக்கும் மேல் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் எவனோ கழிவை விட்டதும் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளை மூடி, ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றதே, அப்போது நானும்தான் வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்து நின்று அந்தக் கழிவை விட்டவனைத் திட்டினேன். திட்டிவிட்டு அன்று சாயங்காலம் எண்ணெயை எங்கே ஊற்றினேன் என்று இந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இல்லை.

சரி, சவர்க்காரத்துக்கு வருகிறேன். பார்க்க வெல்லக்கட்டி மாதிரி பழுப்பாக இருக்கும், பழைய எண்ணெயின் வாசம் லேசாக இருக்கும், செரை (எலுமிச்சைப்புல்) போட்ட கட்டியில் அதுவும் தெரியாது. கட்டி கெட்டி. செம்பனை எண்ணெய்ச் சவர்க்காரம் கெட்டியாகத்தான் வரும், சிங்க் ஓரத்தில் ஈரத்தில் கிடந்தாலும் சீக்கிரம் கரைவதில்லை, எனக்கு ஒரு கட்டி மூன்று வாரம் வந்தது. குறை என்னவென்றால் நுரை. கடையில் விற்கும் திரவம் போல் பொங்கி வழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நுரைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டும், வடைச் சட்டி எண்ணெயில் அது ஏது? ஆனால் நுரை குறைவு என்பதால் அழுக்குப் போகாது என்று நினைக்கவேண்டாம், என்னுடைய பெரிய குவாலிச் சட்டியில் அடியோடு ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் தேங்காய் நாரில் தேய்த்தால் இரண்டே தேய்ப்பில் எடுத்தது. இரண்டாம் மாதத்திலிருந்து கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலக்கிறார்கள், அதில் நுரை பரவாயில்லை.

ஒரு தடவை கை அரித்தது. அதையும் சொல்லவேண்டும். எண்ணெயோடு சோடா காரம் (காஸ்டிக் சோடா) சேர்ந்து சவர்க்காரமாக மாறியபின் நாலிலிருந்து ஆறு வாரம் காற்றாட வைக்கவேண்டும், அந்தக் கட்டி இரண்டரை வாரத்திலேயே மேசைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. கொண்டுபோய்க் காட்டினேன். இரட்டைச் சடைப் பாப்பா ஒருத்தி, அவள்தான் கணக்குப்பிள்ளை, "மன்னிச்சிருங்க ஆன்டி" என்று சொல்லி வேறு கட்டி கொடுத்து, நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டாள். அடுத்த முறை போனால் ஒவ்வொரு கட்டியின் தாளிலும் செய்த தேதி எழுதியிருக்கிறது. நான் பெரிய பேரங்காடியில் கெட்டுப்போன பால் டின்னைத் திருப்பக் கொண்டுபோய் முக்கால் மணி நேரம் நின்றவள், அதனால் இதைப் பெரிதாகத்தான் நினைக்கிறேன்.

பெற்றோர்கள் பயப்படவேண்டாம், சோடா காரத்தைப் பிள்ளைகள் தொடுவதில்லை. ஆசிரியர்தான் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு கலக்குகிறார். காரத்தைத் தண்ணீரில் போடவேண்டும், தண்ணீரைக் காரத்தில் ஊற்றக்கூடாது, ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இதைப் பிள்ளைகள் பாட்டு மாதிரி சொல்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 135 கிராம் காரம். வடிகட்டுவது, எடை பார்ப்பது, தாள் சுற்றுவது, விற்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. எண்ணெயில் கசடு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், "வடிகட்டிக் கொண்டு வாங்க ஆன்டி" என்று. எனக்கே அப்படி ஒரு தடவை ஆயிற்று, முப்பது வருஷமாக வடை சுடுகிறவளுக்கு.

என்சைம் விஷயத்தில்தான் எனக்குச் சண்டை. செய்முறை உங்களுக்கும் தெரிந்திருக்கும், சிவப்புச் சீனி ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்று விடவேண்டும். நான் போன வருஷம் வீட்டில் செய்து, இரண்டு நாள் மறந்து, மூடி சமையலறைக் கூரையில் அடித்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுடையது அன்னாசித் தோலில் செய்தது, மணம் நன்றாகவே இருக்கிறது. கழிவறைத் தரையில் படிந்த மஞ்சள் கறைக்கு நல்லது, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு குவளை ஊற்றித் தரை துடைத்தால் ஈ குறைகிறது. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுத்தமாக உதவாது. ஏன் உதவும்? அது புளித்த பழத்தண்ணீர், பாதி வினிகர் மாதிரி. 5 வெள்ளிக்கு அதற்குமேல் கேட்கக்கூடாது.

ஆனால் போத்தலில் ஒட்டிய தாளில் இது ஓசோன் படலத்தைக் காக்கும், ஆற்றைச் சுத்தமாக்கும் என்று போட்டிருந்தார்கள். மேசையில் இருந்த பையனிடம், "தம்பி, எப்படிக் காக்கும், சொல்லு" என்றேன். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாள்ல அப்படித்தான் ஆன்டி இருந்துச்சு" என்றான். யாரோ பெரியவர்கள் கொடுத்த தாள்தான், வாட்ஸப்பில் சுற்றுகிற அதே வாசகம். புளித்த தண்ணீர் ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆற்றிலோ ஈயம் தோண்டிய பழைய குட்டையிலோ வண்டி வண்டியாகக் கொட்டினால் நல்லதை விடக் கெட்டதுதான் நடக்கும், அதில் மிஞ்சிய சீனியைத் தின்னும் கிருமிகள் மீனுக்கு வேண்டிய ஆக்ஸிஜனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்துப் போனேன். அந்த இரண்டு வரியையும் பேனாவால் அடித்திருந்தான். அறிவியல் பாடத்தில் லிட்மஸ் தாளை அதில் தோய்த்துப் பார்த்தானாம், சிவந்துவிட்டது, "அமிலம் ஆன்டி, நீங்க சொன்னது சரி" என்றான். அடித்த வரிக்குக் கீழே "தரை துடைக்க" என்று மட்டும் எழுதியிருந்தது. நான் இரண்டு போத்தல் வாங்கினேன், ஒன்று தேவைக்கு, ஒன்று அவனுக்காக.

மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருக்கிறார்கள், திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினாரே, அவர்தான். அவருக்கு அந்த யோசனை வந்ததே தெருவில் கரி இஸ்திரி போடுகிறவரைப் பார்த்துத்தான். நம் பிள்ளைகள் பார்த்தது கால்வாய் எண்ணெயை. பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சேவையில் குறைகள் உண்டு. மழைக்காலத்தில் சொல்லாமல் கடை போடமாட்டார்கள், நான் ஆறு லிட்டர் எண்ணெயை மோட்டாரில் வைத்துக்கொண்டு போய்த் திரும்பினேன், வழியில் ஒழுகியது வேறு. பள்ளி விடுமுறை என்றால் முழு மாதமும் இல்லை. சில்லறை இருக்காது, 50 வெள்ளித் தாளை நீட்டினால் மொத்தக் கடையும் திகைத்து நிற்கும். அப்புறம் வீட்டுக் குப்பையைப் பிரித்துக் கொண்டுவந்தால் வாங்குவோம் என்று அறிவிப்பு வைத்திருந்தார்கள், அட்டையும் அலுமினிய டின்னும் மலைபோல் குவிந்து, கொண்டுபோக வண்டி இல்லாமல் கோயில்காரர்கள் சத்தம் போட்டதும் நிறுத்திவிட்டார்கள். இதில் பிள்ளைகளைச் சொல்லிப் பயனில்லை. குப்பையை வீட்டிலேயே பிரிக்கவேண்டும் என்ற சட்டம் 2015 செப்டம்பர் 1 முதல் பல மாநிலங்களில் கட்டாயமானது, சிலாங்கூர் அப்போது அதில் சேரவில்லை. பெரியவர்கள் வண்டி அனுப்பாத ஊரில் பத்து வயதுப் பிள்ளை எங்கே போவான்?

பை விஷயம். ஒரு நாள் கடைக்குத் திறப்பு விழா என்று ஒரு பெரிய மனிதரை அழைத்திருந்தார்கள். கடை ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துத் திறப்பு விழா, அது எப்படி என்று கேட்காதீர்கள். இருபது அடி பேனர், அதில் அவர் முகம் ஆளுயரத்துக்கு, வந்தவர்களுக்கெல்லாம் மினரல் போத்தல், பாலிஸ்டிரீன் டப்பாவில் நாசி லெமாக். சுற்றுச்சூழலைக் காப்போம் என்று அவர் இருபது நிமிடம் பேசினார், பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். எல்லாரும் போனபின் அந்த இரட்டைச் சடைப் பாப்பா போத்தல்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு பையன்கள் பேனரைக் கழற்றி மடித்தார்கள்.

அடுத்த மாதம் மேசையில் புதுச் சரக்கு, பேனர் துணிப் பை, 8 வெள்ளி. தையல் தெரிந்த ஒரு பாட்டி தைத்துக் கொடுத்திருக்கிறார். பழைய சேலைப் பைகளும் அழகுதான், ஆனால் மீனுக்கு உதவாது, ஒழுகும். இது ஒழுகாது. பாசாரில் ஒரு கிலோ கெம்போங் மீனை அப்படியே இதில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து குழாயில் ஒரு அலசு, வெயிலில் காயப்போட்டால் தீர்ந்தது, வாடைகூட நிற்பதில்லை. 20 காசு கொடுத்துப் பிளாஸ்டிக் பை வாங்குவது நின்றுவிட்டது. கைப்பிடித் தையல் மட்டும் இன்னொரு ஓட்டு ஓட்டியிருக்கலாம், மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

போன வாரம் மீன் விற்கும் பாச்சிக் என் பையைப் பார்த்துவிட்டு, இது யார், பாதி முகம்தான் இருக்கிறதே என்று கேட்டார். மீதிப் பாதி பக்கத்து வீட்டு அக்கா வாங்கிய பையில் இருக்கிறது, அவர் அதில் இறால் வாங்குகிறார்.