ஹேர் மாடல் என்று அழைத்து 480 வெள்ளி பறித்துக்கொண்டார்கள்: வெளிநாட்டில் இருக்கும் குமரி மாவட்டப் பெண்கள் கவனத்திற்கு

சிங்கப்பூரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். அண்ணன் கல்யாணத்திற்காக விடுப்பில் தக்கலைக்கு வந்திருக்கிறேன். வருவதற்குச் சற்று முன்பு அங்குள்ள ஒரு சலூனில் 480 வெள்ளியை இழந்தேன். நம் ஊர்க் கணக்கில் அது முப்பதாயிரம் ரூபாய்க்கும் மேல். பணத்தோடு, இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியும் போயிற்று.

வெளிநாட்டுச் சலூன்களில் ஹேர் மாடலாகப் போவது ஒன்றும் மறைவான காரியமல்ல. பயிற்சியில் இருப்பவர்கள் பொம்மைத் தலையில் பழகிய பிறகு உயிருள்ள தலையில் பழகியாக வேண்டும் என்பதால், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்த, வருகிறவர்களுக்கு இலவசமாகவோ பொருள் செலவை மட்டும் வாங்கிக்கொண்டோ முடி வெட்டிச் சாயம் பூசி அனுப்புவார்கள். என் வார்டில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அப்படிப் போய் நல்லபடியாகவே திரும்பியிருந்தாள். ஆகவே நம் மாவட்டத்துப் பெண்கள் இருக்கும் கைப்பேசிக் குழுவில் 'நீள முடி உள்ள மாடல்கள் தேவை, முற்றிலும் இலவசம்' என்ற செய்தி வந்தபோது அதில் ஐயப்பட எதுவும் இருக்கவில்லை.

செய்தியிலிருந்த எண்ணில் பேசிய பெண், ஆள் சேர்த்துக் கொடுப்பவர். நான் ஊர்ப்பெயரைச் சொன்னதும் அவர் குரலே மாறியது. "நீ தக்கலையா மக்கா? நமக்கு மார்த்தாண்டம் பக்கம்லா. பேடிக்காத, நான் இருக்கேன்" என்றார். பிறகுதான் முன்பணப் பேச்சு வந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடல்கள் வராமல் போய்விடுகிறார்களாம், அதனால் 480 வெள்ளி கட்டி வைக்க வேண்டுமாம், முடி வேலை முடிந்து அதைப் படம் எடுத்ததும் அதே மாலையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். வேறு யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அம்மாவும் சித்தியும் பேசுகிற பேச்சில் கேட்டார், உடனே அனுப்பினேன். (நம் ஊர்ப் பேச்சை வைத்தே நம்மை வளைக்கிறார்கள் என்பதுதான் பணம் போனதைவிட எனக்குப் பெரிய ஆத்திரம்.)

கடையில் வாங்கிய கறுப்பு மருதாணிப் பொடியை முடிக்குப் போட்டிருப்பதை முன்கூட்டியே அவருக்கு எழுத்தில் தெரிவித்திருந்தேன். அந்தப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவற்றின் மேல், முடியின் நிறத்தை வெளுக்கப் பூசும் பிளீச்சில் உள்ள பெராக்சைடு பட்டால் சூடேறி முடியே வெந்துவிடும். அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் முதலில் ஒரு சிறு கற்றையை மட்டும் சோதித்துப் பார்ப்பார்கள். இங்கே அந்தச் சோதனை நடக்கவில்லை, மேற்பார்வைக்கு என்று ஒருவரும் வரவில்லை. பயிற்சிப் பையன் பிளீச்சைப் பூசி, அலுமினியத் தாளில் மடித்து வைத்துவிட்டுக் கைப்பேசியோடு ஒதுங்கிவிட்டான். எரிகிறது என்று சொன்னபோது எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றான். தாளைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. கழுவும்போது முடி வெந்த சேமியாவைப் போல் இழுபட்டு இழுபட்டு அறுந்து, தொட்டியின் துளையை அடைத்துக்கொண்டது. மீதியைக் கழுத்தளவுக்கு வெட்டி, படம் எடுக்கும் நிலையில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலையே திரும்ப வேண்டிய 480 வெள்ளி வரவில்லை. கேட்டபோது கணக்குப் பிரிவு மூடிவிட்டது என்றார்கள், பிறகு பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அதற்குப் பிறகு, படம் எடுக்கப்படாததால் முன்பணம் பொருள் கட்டணத்தில் கழிந்துவிட்டது என்றார்கள். என் முடியைக் கெடுத்ததும் அவர்கள், கெட்டுவிட்டதால் படம் எடுக்கவில்லை என்பதும் அவர்கள், அதற்கான கட்டணமும் என் தலையிலேயே! இன்னும் வற்புறுத்தியபோது, மருதாணி போட்டதை நான் மறைத்துவிட்டதாகப் பழியைத் திருப்பினார்கள். நான் எழுதிய செய்தியைப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் விழுந்ததே தவிர பதில் இல்லை. கடைசியாக, பணம் அந்தப் பெண்ணின் சொந்தக் கணக்குக்குத்தான் போயிருக்கிறது, அவரிடமே கேளுங்கள் என்று கையை விரித்தார்கள். அவரைக் கூப்பிட்டால் மக்கா என்ற அழைப்பெல்லாம் மறைந்து, "மேடம், ஆள் சேர்த்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது, சலூனில் விசாரியுங்கள்" என்றார். அடுத்த அழைப்பிலிருந்து என் எண் தடுக்கப்பட்டிருக்கிறது.

உச்சந்தலையில் புண் இன்னும் ஆறவில்லை. நாகர்கோவிலில் தோல் மருத்துவரிடம் காட்டி மருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்திற்குத் தோவாளையிலிருந்து பிச்சிப்பூ சொல்லியாகிவிட்டது, அதைச் சூட என் தலையில் பின்னல் இல்லை. முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதைக் கொண்டு, பழைய நீளம் வர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சலூனுக்குத் தேவை உங்கள் தலைதான்; திருப்பித் தருகிறோம் என்று முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தனியாள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். கற்றைச் சோதனை செய்யாமல் பிளீச்சைத் தொட விடாதீர்கள். பேச்சு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் 2 ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. திரும்பிப் போனதும் என் 480 வெள்ளிக்காக நான் அங்கே போகிறேன். இதே போல் மார்த்தாண்டத்துப் பேச்சில் உங்களிடமும் யாராவது முன்பணம் வாங்கியிருந்தால், அனுப்பிய ரசீதையும் தேதியையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறையிடுவோம்.