போர்ட்டோவின் எதிர்க்கரையில் ஓர் இரவு விருந்து

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலிருந்து தோம் லூயிஸ் பாலத்தைக் கடந்தால் வரும் விலா நோவா டி கையாவில், போர்ட் என்னும், சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினின் கிடங்குகளுக்கு நடுவே உள்ள ஓர் உயர்தர உணவகத்தில் சென்ற கோடையில் சாப்பிட்டோம். நான்கு உணவுகள், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒரு கிண்ணம் ஒயின் என்பது அங்குள்ள ஏற்பாடு. ஒயினுக்குத் தனிக் கட்டணம். அது உணவின் விலையில் பாதியைத் தாண்டிவிடும். கேட்காமலே மேசைக்கு வந்த ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய்களுக்கும் பணம் உண்டு. போர்ச்சுகல் முழுவதும் இதுதான் வழக்கம். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

முதலில் வந்த கடலுணவுச் சோற்றுக்கு, வடக்கு எல்லையிலுள்ள மொன்சாவ் பகுதியின் அல்வரீன்யோ வெள்ளை ஒயின் குறையொன்றுமின்றிப் பொருந்தியது.

அடுத்து வந்த பக்கல்யாவ்தான் அன்றைய இரவின் சிறப்பு. உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, உப்பை இறக்கிச் சமைப்பார்கள். நம் கருவாட்டுக்கு உறவுதான், ஆனால் சதை மடல் மடலாகப் பிரிந்து வரும். மீனுக்கு வெள்ளை ஒயின் என்று படித்து வைத்திருந்த எனக்கு, பைராடா பகுதியின் பாகா திராட்சையில் செய்த சிவப்பு ஒயினை ஊற்றியபோது ஐயமாகவே இருந்தது. பாகா இளமையில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்புள்ளது. பல ஆண்டுகள் புட்டியில் கிடந்தால்தான் மென்மையாகும். எஞ்சியிருந்த துவர்ப்பை மீனின் உப்பும் ஆலிவ் எண்ணெயும் அடக்கிவிட்டன. உப்பு கசப்பை அடக்கும் என்பது பாகற்காய் சமைத்தவர்களுக்குத் தெரிந்ததே; அதை ஒயினோடு சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பால்குடிப் பன்றி வறுவலுக்கு அதே பைராடாவின் நுரைக்கும் ஒயின் வந்தது. பொருத்தம் சரி, ஆனால் இறைச்சியின் தோல் மொறுமொறுப்பை இழந்திருந்தது.

குறை சொல்ல வேண்டியது கடைசிக் கிண்ணத்தைத்தான். இருபது ஆண்டு டானி போர்ட் என்பது பல ஆண்டுச் சரக்குகளைக் கலந்து, மரப்பீப்பாயில் மெல்லக் காற்றுப்பட்டுச் செந்நிறம் பழுப்பாக மாறும்வரை முதிரவைத்தது; அத்திப்பழம், வாதுமை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் அதில் மணக்கும். போர்ட் ஒயினுக்கென்று 1756-இலேயே எல்லை வகுக்கப்பட்ட டோரோ பள்ளத்தாக்கில் விளைந்து, அங்குள்ள வெயிலுக்குத் தப்பி, கடற்காற்றால் குளிர்ந்த கையாவில் முதிர வந்த ஒயினை, கிடங்குகளுக்கு அருகிலேயே இருக்கும் ஓர் உணவகம் வெதுவெதுப்பாகப் பரிமாறியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏறத்தாழ 20 விழுக்காடு சாராயம் உள்ள பானம் சற்றுக் குளிர்ந்திருக்காவிட்டால் மணத்துக்கு முன் காரம்தான் மூக்கில் ஏறும். முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் பன்றிக் கொழுப்பும் போர்ட்டும் சேர்ந்த அபாடி டி பிரிஷ்கோஸ் புட்டிங்கோடு அது எடுபட்டிருக்க வேண்டும். பரிமாறிய பெண்மணியிடம் சொன்னதும் முகம் கோணாமல் குளிர்ந்த கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் புட்டிங் தீர்ந்துவிட்டது.

மறுமுறை போனால் பக்கல்யாவையும் அந்தச் சிவப்பு ஒயினையும் மட்டும் கேட்பேன். தனித்தனிக் கிண்ணமாகவும் தருகிறார்கள் என்பது பக்கத்து மேசையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.