தெப்பக்குளத்தைக் கட்டி 18,600 ரூபாயைத் தொலைத்தேன்: லெகோ கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம் நடந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு பெரிய பொம்மைக் கடை. பெயர் வேண்டாம். வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் கார், கோட்டை என்று லெகோ மாடல்களாக, அதாவது ஒன்றோடொன்று பொருந்தும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பிரிக்கால் கட்டியதாக, அடுக்கி வைத்திருப்பார்கள். நான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை மைய மண்டபத்தோடு பிரிக்கில் கட்டியிருந்தேன். எட்டு மாத வேலை. முதலில் ஸ்டூடியோ என்ற, லெகோ மாடல் வரைகிற மென்பொருளில் வரைந்து, அப்புறம் ஒவ்வொரு பிரிக்காகத் தேடி வரவழைத்து, தபால் செலவோடு 18,600 ரூபாய். நடுக் கோபுரத்தின் சரிவு மட்டும் என் யோசனை இல்லை. போலந்துக்காரர் ஒருவர் தன் மாதா கோயில் மாடலில் செய்திருந்த முறை. எழுதிக் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயரைப் போட்டால் போதும் என்றார். வழிமுறைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரைப் போட்டேன்.

தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கு மாடலைக் கடையில் வைக்கலாம் என்று கடைக்காரத் தம்பிதான் கூப்பிட்டார். காபி வாங்கிக் கொடுத்தார். குனிந்து படிக்கட்டுகளை எண்ணினார், பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டும் சரியாக இருக்கிறதே என்றார். அதிலேயே நான் உருகிவிட்டேன். "அண்ணே, நாலு பேர் கேட்டா கிட்டாவே போட்டுரலாம். ஒரு கிட்டுக்கு உங்களுக்கு 200 ரூபாய். பெட்டியில உங்க பேர் பெருசா வரும்." கிட் என்றால் பிரிக்கும் வழிமுறைப் புத்தகமும் சேர்ந்த பெட்டி. ஸ்டூடியோவில் வரைந்த மூலக் கோப்பையே, புத்தகத்தோடு, பென் டிரைவில் கொடுத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வாங்கவில்லை.

நேற்று போனால் அலமாரி நிறைய கிட். விலை 4,999. 'எங்கள் டிசைன்' என்று கடை முத்திரை. புத்தகத்தில் அந்த முதல் பக்கமே இல்லை. காட்சிக்குக் கட்டி வைத்திருந்ததைத் திருப்பி அடியில் பார்த்தேன். சாம்பல் பிரிக் போதாமல், வெளியே தெரியாத இடத்தில் சிவப்பும் பச்சையுமாக அடைத்திருந்தேன், கோப்பிலும் அதே நிறம்தான். அதையும் அப்படியே அடைத்திருக்கிறார்கள். அடப்பாவிகளா!

முதலில் ஓனர் சிவகாசி போயிருக்கார் என்றார்கள். போன் செய்தால் மீட்டிங். ஒரு மணி நேரம் நின்ற பிறகு உள்ளறையிலிருந்தே வந்தார். "தெப்பக்குளத்தைக் கட்டினது திருமலை நாயக்கர்ணே. 1645-ன்னு பெட்டியிலயே போட்டிருக்கோம். அவருக்குத்தானே கிரெடிட்?" சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் நின்ற பையனும் சிரிக்கிறான்.

சரி, என் மாடல் எங்கே? குழந்தை ஒன்று தட்டிவிட்டதாம். ஒரு கட்டைப்பையை நீட்டினார். பாதி பிரிக்தான் இருக்கும், கோபுரத்தையே காணோம். என் 18,600 ரூபாய், ஒரு கட்டைப்பைக்குள்!

மலிவு பிரிக்கில் கிட் போட்டதற்காக நான் சண்டை பிடிக்கவில்லை. 1958-இல் லெகோ பதிவு செய்த காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, பிரிக்கை யாரும் செய்யலாம். ஆனால் அந்த லெகோவே, ரசிகர் ஒருவரின் மாடல் 10,000 பேரின் ஆதரவு பெற்றுத் தேர்வாகி விற்பனைக்கு வந்தால், நிகர விற்பனையில் 1 சதவீதம் கொடுத்து, அவரைப் பற்றிப் புத்தகத்திலும் எழுதுகிறது. இவர்களுக்கு ஒரு பக்கம் அச்சடிக்க வலிக்கிறது. போலந்துக்காரருக்கு நான் என்னவென்று எழுதுவது?

என்னென்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. மூலக் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள், படம் மட்டும் காட்டுங்கள். பேசியதை அன்றைக்கே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மாடலை விட்டுவிட்டு வருவதானால் கடைக்குள் வைத்தே நாலு பக்கமும் படம் எடுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து.

மீதி பிரிக்கைக் கேட்க நாளை மறுபடி போகிறேன். தெரிந்தவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது.