அதட்டுவதா, மன்றாடுவதா?

சிங்கப்பூரில் புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரவில் அச்சம் என்பவர்கள் கேட்பது: இயேசுவின் நாமத்தில் தீய ஆவியை அதட்டுவதா, கர்த்தரிடம் மன்றாடுவதா?

ஆதாரம்: அதட்டலுக்கு லூக்கா 10:19, சத்துருவின் வல்லமையை மேற்கொள்ளும் அதிகாரம். மன்றாட்டுக்கு மத்தேயு 6:13, தீமையினின்று இரட்சிக்கும்படியான ஜெபம். யூதா நிருபம் 9ஆம் வசனத்தில் பிரதான தூதனான மிகாவேலே பிசாசைத் தானாகத் தூஷிக்கத் துணியவில்லை. கடிந்துகொள்வதைக் கர்த்தரிடம் விட்டான். எனக்கு இதுவே கனமான சாட்சி.

ஆபத்து: அதட்டலில் அதிகம். அப்போஸ்தலர் 19இல் யூத ஆசாரியன் ஸ்கேவாவின் ஏழு குமாரர்கள் கடன்வாங்கிய அதிகாரத்தோடு தீய ஆவியைத் துரத்தப் போய், ஆடையிழந்து காயப்பட்டு ஓடினார்கள்.

சத்தம்: மன்றாட்டுக்கு முணுமுணுப்பு போதும். அதட்டல் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், பிசாசு செவிடல்லவே!

தனியாகப் பயந்திருப்பவருக்கு மன்றாட்டு. சபை மூப்பர் உடனிருந்தால் அதட்டலாம். அப்போதும் யாக்கோபு 4:7 சொல்லும் வரிசையில், முதலில் தேவனுக்குக் கீழ்ப்படிதல், பிறகே எதிர்த்து நிற்றல். தூக்கமின்மை நீடித்தால் பலதுறை மருந்தகத்துக்கும் (பாலிகிளினிக்) போங்கள்.