சென்சார் வண்டிக்கு டிஐ எஞ்சின் மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

எங்கள் ஊர் தாளவாடி. சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ சத்தியமங்கலம் போக வேண்டுமென்றால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். அதற்காகவே 2009 மாடல் டீசல் வண்டி ஒன்றை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் போகிற காமன் ரெயில் எஞ்சின். நம் ஆட்கள் சொல்கிற 'சென்சார் வண்டி'.

2023-இல் ஒரு கோளாறு ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பட்டென்று நின்றுவிடும். அரை மணி நேரம் சூடு ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். தெரிந்தவர் ஒருவர் சொன்னாரென்று கீழே ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் சொல்லவில்லை.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி இரண்டு நிமிஷம் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. "இசிஎம் போச்சுங்ணா, நாலு இன்ஜெக்டரும் போச்சு. மாத்துனா ஒன்றரை லட்சம் தாண்டும். பேசாம டிஐ எஞ்சினை இறக்கிடலாம். கம்ப்யூட்டரும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். காட்டுக்குள்ள நின்னாக்கூட ஸ்பேனர் வெச்சே கிளப்பிடலாம்" என்றார். இசிஎம் என்பது எஞ்சினின் கம்ப்யூட்டர். இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பாகம். டிஐ என்று அவர் சொன்னது கம்ப்யூட்டர் இல்லாத பழைய வகை டீசல் எஞ்சினை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் நம்பினேன். பழைய டிஐ எஞ்சினில் எஞ்சினே பம்பைச் சுற்றும், பம்பு டீசலைத் தள்ளும், அந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் நாஸில் திறக்கும். டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்துகிற சாலினாய்டு என்கிற மின் வால்வுக்கு ஒரு ஒயர் போனால் போதும். காமன் ரெயிலில் டீசல் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கையும் தாண்டக்கூடிய அழுத்தத்தில் குழாயில் நிற்கும். எந்த இன்ஜெக்டர் எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை இசிஎம்தான் சொல்லும். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் எந்த இடத்தில் இருக்கிறது என்று சென்சார் சொல்லாவிட்டால் இசிஎம் டீசலையே நிறுத்திவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

85,000 ரூபாய் என்று பேசினோம். பழைய எஞ்சினை அவர் எடுத்துக்கொள்வார். ஆர்டிஓ ஆபீஸ் பேப்பர் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பாத்துக்கிறேங்ணா" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஆறு வாரம் இழுத்தடித்து, மவுன்டிங் வெல்டிங், அது இது என்று கடைசியில் 1,32,000 வாங்கினார்.

வண்டியைப் பார்த்தபோதே மனசு கேட்கவில்லை. ஆக்ஸிலேட்டர் கேபிளுக்காகத் தகரத்தில் ஓட்டை போட்டுச் சுற்றிலும் எம்-சீல் அப்பியிருந்தார்கள். ஆர்பிஎம் முள் அசையவில்லை. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள்ளும் அசையவில்லை. கேட்டால், "டிஐ வண்டிக்கு அதெல்லாம் தேவையில்லங்ணா" என்கிறார். மலை ஏறுகிற வண்டிக்குச் சூடு தெரிய வேண்டாமா?

மூன்றாவது மாதம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பாதி மலையில் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. முழு பாரத்தையும் போட்டு மிதித்தும் வண்டி சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் டயரை உரசித்தான் நிறுத்தினேன். அம்மா பின் சீட்டில் பண்ணாரி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

டீசல் வண்டியில், பெடலை லேசாக்குகிற பிரேக் பூஸ்டருக்குத் தனியாகக் காற்றை உறிஞ்சும் ஒரு வேக்குவம் பம்பு வேண்டும். இந்த டிஐ எஞ்சினில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கிறது. அதற்கு எஞ்சினிலிருந்து ஒரு சின்னக் குழாயில் ஆயில் வர வேண்டும். என் வண்டியில் அந்தக் குழாயே இல்லை. ஆயில் வரும் துளையில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்திருந்தார்கள். ஆயில் இல்லாமல் ஓடி ஓடிப் பம்பு தேய்ந்து கருகிப்போயிருந்தது. எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

2024-இல் பதினைந்து வருஷம் முடிந்து எஃப்சிக்குப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் எஞ்சின் நம்பரைத் துடைத்துப் பார்த்தார், ஆர்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேப்பர் எதுவும் போடப்படவில்லை. அனுமதி இல்லை, எஞ்சின் வாங்கிய பில்லும் இல்லை. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் போலீஸ் முதலில் என்னிடம்தான் வரும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். தண்டனை ஓனருக்கு. மாற்றிக் கொடுத்தவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

அப்புறம் தெரிந்ததுதான் அதிகம் வலித்தது. பழைய ஒயரிங்கையும் இசிஎம்மையும் ஒரு சாக்கில் கட்டி வண்டியிலேயே போட்டிருந்தார்கள். சத்தியமங்கலத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைப் பிரித்து, விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். கிராங்க் சென்சாருக்குப் போகும் ஒயர். ஏதோ பிராக்கெட்டில் உரசி நான்கு விரற்கடை நீளத்துக்கு மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. சூட்டில் நின்று ஆறியதும் ஸ்டார்ட் ஆனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்றார். இசிஎம்மை அதே மாடல் வண்டி ஒன்றில் மாட்டிப் பார்த்தார், குறையில்லாமல் வேலை செய்தது. ஒயரைச் சரிசெய்யச் சில நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும்.

போன எஞ்சின், நான்கு இன்ஜெக்டர்களோடும் ஹை பிரஷர் பம்போடும், அந்தப் பட்டறையில் இப்போது இல்லை. "வித்தாச்சு" என்கிறார் மெக்கானிக்.

ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். யாராவது உங்களிடம் எஞ்சின் மாற்றலாம் என்றால், முதலில் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வேறொரு எலக்ட்ரீஷியனிடம் ஒயரிங்கைக் காட்டுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆர்டிஓவின் அனுமதி எழுத்தில் உங்கள் கைக்கு வரும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். எஞ்சின் நம்பர் போட்ட பில் வாங்குங்கள். பழைய எஞ்சினை விட்டுக்கொடுக்காதீர்கள்.