செஸ்னா மேனுவல் ஆன்லைனில் வாங்குகிறீர்களா? எனக்கு ரூ. 6,500 போச்சு

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். பைலட் பயிற்சிப் புத்தகம் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. பெயர் வேண்டாம். ரீல்ஸ் போட்டு விற்கிற ரகம். செஸ்னா 172 என்கிற சின்னப் பயிற்சி விமானத்தின் ஃபிளைட் மேனுவல், அதாவது ஓட்டும் முறையும் எண்களும் போட்ட கையேடு, 'ஒரிஜினல், லேட்டஸ்ட்', ரூ. 6,500.

லீவுக்குக் காரைக்குடி வந்த இடத்தில் போன் போட்டேன். ஊரைச் சொன்னதும், "எங்க அக்காவைக் கொடுத்ததே தேவகோட்டைலதான் தம்பி, நம்ம ஊர்ப் பையன ஏமாத்துவேனா?" என்றார். எந்த வருஷ மாடல், நாலு பக்கம் போட்டோ அனுப்புங்கள் என்று கேட்க வைத்திருந்தேன். அந்த 'தம்பி'யில் எல்லாம் மறந்துபோச்சு. அப்பத்தா சீட்டு எடுத்த பணம் ரூ. 6,500, அப்படியே அனுப்பினேன்.

வந்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். சரி, எண்கள் சரியாக இருந்தால் போதும் என்று வளவில் உட்கார்ந்தேன். போர்க்காலத்தில் போட்ட நம்ம செட்டிநாடு ஓடுதளத்தில் 38 டிகிரி வெயிலில் கிளம்ப எத்தனை அடி வேண்டும் என்று சும்மா ஒரு கணக்கு. அந்தச் சூட்டில் காற்று மெலிந்து, தரையில் நிற்கும் விமானமே 3,000 அடி உயரத்தில் இருப்பது போலத் திணறும். அதனால் கிளம்பும் தூரம் போட்ட டேபிள்தான் உயிர்.

முன்னால் ஒரு பக்கம்: கடல்மட்டத்தில் 50 அடித் தடையைத் தாண்டிக் கிளம்ப 1,440 அடி. பின்னால் இன்னொரு பக்கம்: அதே கடல்மட்டம், 1,625 அடி! அதிகபட்ச எடை ஓரிடத்தில் 2,300 பவுண்டு, இன்னோரிடத்தில் 2,400. ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கம் இறங்கும் மடிப்பு) இங்கே 40 டிகிரி, அங்கே 30. அப்புறம்தான் உறைத்தது. 1980 வரை வந்த 172என் (N), 1981இல் வந்த 172பி (P), இரண்டையும் கலந்து தைத்திருக்கிறான். டேபிளில் 8ஆ 3ஆ என்று தெரியாத இடங்களை அப்பத்தாவின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அப்பவும் தெரியவில்லை. இதை நம்பி 172என் விமானத்தில் மொத்த எடையை 2,400 ஆக்கினால் நூறு பவுண்டு அதிகம்.

போன் போட்டேன். "ஸ்கேன்னா அப்படித்தான் இருக்கும்." மறுநாள், "கம்பெனி மிஸ்டேக், உங்க இன்ஸ்ட்ரக்டரக் கேளுங்க." தம்பி போய் சார் ஆகிவிட்டேன்: "பிரிச்ச புக் ரிட்டர்ன் கிடையாது சார்." நேற்றிலிருந்து வாட்ஸ்அப்பில் அவர் படமே தெரியவில்லை. ரூ. 6,500!

"புத்தகம் நல்லா இருக்காப்பா?" என்று அப்பத்தா கேட்கிறாக. என்ன சொல்ல?

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. மாடல் எழுத்தும் வருஷமும் கேளுங்கள். எடை எல்லாப் பக்கத்திலும் ஒன்றா என்று பாருங்கள். பறக்க, விமானத்துக்குள் இருக்கும், அதன் சீரியல் நம்பர் போட்ட மேனுவல் மட்டும்தான். 'நம்ம ஊர்' என்றால் போனை வையுங்கள்.

அதே புத்தகம் இன்று காலை 'ஆஃபர்' என்று ரூ. 5,999க்கு ஓடுகிறது.