ஃப்ரிட்ஜ் ஓரத்து இழுவை ரேக்: மூன்றரை வருட அனுபவம்

மடிப்பாக்கத்தில் எங்கள் தரைத்தள வீட்டின் சமையலறை எட்டடிக்கு ஏழடி. மேடைக்கு அடியில் சிலிண்டரும் அரிசி டின்னும் போனதும் இடம் முடிந்தது. பருப்பு, புளி, எண்ணெய் எல்லாம் பரணுக்கு ஏறிவிட்டன. முழங்கால் வலியோடு அம்மா தினமும் ஸ்டூல் மேல் ஏறுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்பது அங்குலம் சும்மா கிடந்தது. 2022 மே மாதம் அந்த இடுக்குக்குள் போய் வருகிற மாதிரி ஐந்தடி உயரத்தில் ஒரு ரேக்கை நானே செய்தேன்.

ஒன்பது அங்குலம் என்றேனே, அது தரையில்தான். ஐந்தடி உயரத்தில் அளந்தால் எட்டரை. பூச்சு வேலை அப்படி. கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே குறைந்த அளவை வைத்துத்தான் பலகை வாங்க வேண்டும்.

எல்லாத் துண்டுகளும் ஆறரை அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டதால் வேலை பாதியாகக் குறைந்தது. எட்டடிக்கு இரண்டடி அளவுள்ள அரை ஷீட் ப்ளைவுட்டைக் கடையிலேயே நீளவாக்கில் மூன்று பட்டையாக அறுத்து வாங்கினேன். இரண்டு ஐந்தடி நிலைப்பலகை, மேலும் கீழும் இடையிலுமாக ஆறு தட்டு, எல்லாம் அந்த மூன்று பட்டையிலேயே வந்துவிட்டன. டப்பா சரியாமல் இருக்கப் பக்கவாட்டில் திரைச்சீலைக் கம்பியை வெட்டி மாட்டினேன். சுவர்ப் பக்கம் மட்டும் 6 மி.மீ. ப்ளைவுட்டை ஃபெவிகால் தடவி ஸ்க்ரூ போட்டு மூடினேன். இதை விட்டுவிடாதீர்கள். அந்த மெல்லிய பலகை இல்லாவிட்டால் நாலு நாளில் சட்டம் மூலைமட்டம் தவறிக் கோணலாகிவிடும்.

பலகை 18 மி.மீ. மரைன் ப்ளை. வாயால் கேட்டு வாங்கினால் போதாது, மரைன் ப்ளைக்கான ஐஎஸ் 710 தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைக்கும் எம்ஆர் ரகம் காற்றின் ஈரத்தைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது.

முதல் வருடம் படுத்தியது சக்கரம்தான். நாலும் எல்லாப் பக்கமும் திரும்புகிற சின்ன பிளாஸ்டிக் சக்கரம். இழுக்கும்போதெல்லாம் ரேக் ஒரு பக்கம் வளைந்து போய் ஃப்ரிட்ஜில் இடித்தது. எட்டாவது மாதம் ஒரு சக்கரம் உடைந்தது. அன்றைக்கு அம்மா வேகமாக இழுக்க, மொத்தமும் சாய்ந்து மாவடு ஜாடி தரையில் சிதறியது. அம்மா மேல் விழாமல் போனதே பெரிது. ஐந்தடி உயரத்துக்கு ஆறரை அங்குல அகலம் என்றால் அது தானாக நிற்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. மறுநாளே நேராக மட்டும் ஓடும் இரண்டு அங்குல ரப்பர் சக்கரங்களாக மாற்றினேன். நாலடி உயரத்தில் சுவரில் 20 அங்குல டெலஸ்கோப்பிக் சேனல் (டிராயரில் இருக்குமே, இழுத்தால் நீளும் கம்பித் தடம்) ஒன்றைப் பொருத்தி, ரேக்கை அதோடு இணைத்தேன். எடையைச் சக்கரம் தாங்குகிறது, சாயாமல் சேனல் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் ஒரு நாள்கூட ஆடவில்லை. அப்படியும் எண்ணெய், புளி ஜாடி மாதிரி கனமானவை கீழ் இரண்டு தட்டில்தான்.

இன்னொன்று, ஃப்ரிட்ஜின் சூடு. இப்போது வருகிற பல ஃப்ரிட்ஜ்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே இருக்கிறது. கை வைத்தால் சுடும். ஃப்ரிட்ஜ் பக்கம் ஒன்றேகால் அங்குலம் காற்றுக்கு விட்டும் சித்திரையில் வெல்லம் பிசுபிசுத்துப் போனது. அதை மேடைக்கு மாற்றிவிட்டோம். பருப்பு வகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டு ஒரு நாள் முழுக்க ஊறியது. வடிந்த பிறகு பயந்துகொண்டேதான் பார்த்தேன். பலகை பிரியவில்லை, வளையவும் இல்லை. ஓரங்களுக்கெல்லாம் இரண்டு கோட் ப்ரைமரும் எனாமலும் அடித்திருந்தது காப்பாற்றியது. ஆனால் சக்கரத்தின் ஸ்க்ரூ ஓட்டைகளைப் பெயின்ட் காய்ந்த பிறகு போட்டிருந்தேன். தண்ணீர் அதன் வழியாக உள்ளே போய், ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பலகை உப்பிவிட்டது. இப்போது பின்பக்கத்து ஸ்க்ரூ இரண்டு இறுகப் பிடிப்பதில்லை.

மற்றபடி ரேக் திடமாக இருக்கிறது. பரணில் இப்போது பண்டிகைப் பாத்திரம் மட்டும்தான், ஸ்டூல் மொட்டை மாடிக்குப் போய்விட்டது. பொங்கல் லீவில் கீழ்த்தட்டை மட்டும் கழற்றிப் புதிதாகப் போடப் போகிறேன். முதலில் ஓட்டை, அதற்குள்ளும் ப்ரைமர், கடைசியில்தான் சக்கரம்.